அரக்கனுக்காக அழும் கண்

மக்கள் அஞ்சுவனவற்றையெல்லாம் ஒன்றுதிரட்டி ஓர் உருவமாக்கி, அதற்கு அரக்கன் என்றும் பூதம் என்றும் பேய் என்றும் பெயரிட்டுக் கதை சொல்லுதல் பழங்காலந்தொட்டு உலகெங்கும் இருந்துவரும் வழக்கம். அக்கதைகளில் அரக்கன் வருவான்; அழிப்பான்; ஈற்றில் வீரன் ஒருவன் கையால் மடிவான். கேட்டோர் மகிழ்ந்து வீடு திரும்புவர். இது கதையின் பொது இலக்கணம். ஆயினும் பெரும்புலவர் கையில் இக்கதை அகப்படும்போது, அந்த மகிழ்ச்சியோடு வேறோர் உணர்வும் கலந்துவிடுகிறது. மடிந்தவன் அரக்கன், மடிய வேண்டியவனே, எனினும் அவனுக்காக நம் கண் கலங்குகிறது. இஃது ஏன் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இரக்கம் மனித இயல்பு. ஆகவே இரங்குகிறோம் என்று விடை கூறுவாருண்டு. அவ்விடை போதாது. அஃது உண்மையாயின் எல்லா அரக்கருக்கும் நாம் இரங்கியிருக்க வேண்டும். கம்பனின் காப்பியத்தையே எடுத்துக்கொள்வோம். ஆரணிய காண்டத்தில் கரன் மடிகிறான், தூடணன் மடிகிறான், திரிசிரா மடிகிறான். அவர்களோடு பெரும் படையும் அழிகிறது. படிப்போருக்கு இராமனின் வில்லாற்றல் வியப்பளிக்கிறதேயன்றி, இறந்தவர்பொருட்டு ஒரு துளிக் கண்ணீரும் வருவதில்லை. அதே காப்பியத்தின் யுத்த காண்டத்தில், அதே இராமனின் அம்பினால், அதே அரக்கர் குலத்தைச் சேர்ந்த கும்பகருணன் வீழும்போது நெஞ்சு கனக்கிறது. படிப்போர் ஒருவரே, புலவரும் ஒருவரே. எனவே இரக்கத்தின் காரணத்தைப் படிப்போரின் நற்குணத்தில் மட்டும் தேடினால் அகப்படாது. புலவன் அரக்கனைப் படைத்த முறையிலேயே அதனைத் தேடல் வேண்டும்.

தொல்காப்பியம் காட்டும் வழி

இத்தேடலுக்கு நம் முன்னோர் வகுத்த மெய்ப்பாட்டியல் நல்ல துணையாக நிற்கிறது. மெய்ப்பாடு எட்டனுள் அச்சம் ஒன்று; அழுகை ஒன்று. அச்சம் தோன்றும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைக் கூறுவார். அரக்கனைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் இந்நான்கினையும் ஒருவன் மேனியிலேயே ஏற்றிவிடுகின்றன. அவன் அணங்குபோல் இயற்கை கடந்தவன். விலங்குபோல் ஊன் தின்பவன். கள்வர்போல் இரவில் வருபவன். கொடுங்கோல் இறைபோல் கேள்விமுறையின்றித் தண்டிப்பவன்.

அழுகைக்கோ நிலைக்களன்கள் வேறு. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரையோ உடைமையையோ இழத்தல் இழவு. முன்பிருந்த நிலை கெட்டு வேறாகி வருந்துதல் அசைவு. வறுமை என்பதற்கு உரைகாரர் தரும் விளக்கம் நுட்பமானது. பொருளின்மையை மட்டும் அது குறிப்பதன்று. நுகர விரும்பியும் நுகரப் பெறாத பற்றுள்ளமே ஈண்டு வறுமை எனப்படுகிறது.

இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். அச்சத்தின் நிலைக்களன்கள் அனைத்தும் நமக்கு வெளியே நிற்பவை. அழுகையின் நிலைக்களன்கள் அனைத்தும் ஓர் உயிர் தன்னுள்ளே பட்டறிபவை. அரக்கனை வெளியிலிருந்து மட்டும் பார்க்கும்வரை அவன் அச்சப் பொருளாகவே இருப்பான். அவன் எதனை இழந்தான், எதனால் இளிவுற்றான் என்று புலவன் காட்டத் தொடங்கியதும் அவன் அழுகைப் பொருளும் ஆகிறான். அச்சம் நீங்கி அழுகை வருவதில்லை. அச்சம் நிற்கும் இடத்திலேயே அழுகையும் வந்து சேர்கிறது. அரக்கர்பால் நாம் கொள்ளும் இரக்கத்தின் தனித்தன்மை இச்சேர்க்கையே என்பது என் கருத்து.

கும்பகருணன்

கம்பன் கும்பகருணனை முதலில் நகைப்பும் அச்சமும் தோன்றும்படியே காட்டுகிறான். உறக்கத்திலிருந்து எழுப்புவதற்கே ஒரு படை வேண்டியிருக்கிறது. எழுந்ததும் வண்டி வண்டியாய்ச் சோறும் குடம் குடமாய்க் கள்ளும் உள்ளே செல்கின்றன. மலை எழுந்து நடந்தாற்போன்ற அவன் உருவம் வானரப் படையை நடுங்கச் செய்கிறது. இவ்வளவில் நின்றிருந்தால் அவனும் கரனைப்போல் ஓர் அரக்கனாகவே மடிந்திருப்பான்.

ஆனால் அவன் பேசுகிறான். மந்திராலோசனையிலேயே அண்ணனின் குற்றத்தை முகத்துக்கு நேரே இடித்துரைத்தவன் அவன். போர் மூண்ட பின் எழுப்பப்பட்டபோதும், சீதையை விடுத்து வீடணனோடு கூடி வாழ்வதே தக்கது என்கிறான். அண்ணன் சினந்ததும் வாதத்தை நிறுத்திக்கொண்டு போருக்குப் புறப்படுகிறான். தன்னைப் பகைவர் வென்றுவிட்டால் அதன் பின்னராவது சீதையை விட்டுவிடுமாறு கூறிச் செல்கிறான். தான் செல்வது சாவை நோக்கி என்பதும், தான் நிற்பது அறத்தின் பக்கம் அன்று என்பதும் அவனுக்கு நன்கு தெரியும். களத்தில் வீடணன் வந்து அழைக்கிறான். அவ்வழைப்பை மறுக்கும்போதும் தம்பி செய்தது தவறென்று அவன் கூறவில்லை. தம்பிக்குரிய வழி அது. தன்னை வளர்த்துச் சோறிட்டவன்பொருட்டு உயிர் கொடுத்தல் தனக்குரிய வழி என்கிறான். செஞ்சோற்றுக்கடன் என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் தமிழர் நினைவில் கர்ணனோடு அவனும் வந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

ஈற்றில் சுக்கிரீவனால் மூக்கும் காதும் இழந்து, இராமனின் அம்புகளால் கையும் காலும் இழந்து, உடற்பொறையாய்க் கிடக்கும் நிலையில் அவன் பகைவனிடமே வரம் கேட்கிறான். ஒன்று, வீடணனைக் காக்க வேண்டும் என்பது. மற்றொன்று, மூக்கிழந்த தன் முகத்தை எவரும் காணாதவாறு தலையைக் கடலுள் ஆழ்த்திவிட வேண்டும் என்பது. முதல் வேண்டுகோளில் அவன் அண்ணன் தம்பி உறவை உடையவனாகிறான். இரண்டாவதில் நாணம் உடையவனாகிறான். நாணமோ விலங்குக்கு இல்லாதது. ஊர் நடுங்கிய உருவத்தை உடையவன், தன் முகத்தைப் பிறர் பார்ப்பரே என்று கூசும் அந்தக் கணத்தில் அசைவும் இளிவும் ஒருங்கே நிறைவுறுகின்றன. அவனை அஞ்சிய நாம் அவனோடு சேர்ந்து கூசுகிறோம்.

ஈண்டுக் கம்பனின் நடுவுநிலைமையைக் கருதல் வேண்டும். இராமனின் அம்பு தவறென்று அவன் யாண்டும் கூறவில்லை. கும்பகருணனின் வாயாலேயே இராவணன் குற்றம் உரைக்கப்படுகிறது. தீர்ப்பு மாறவில்லை, தீர்ப்புக்கு ஆளானவனின் முகம் மட்டும் நமக்குத் தெரிகிறது.

மண்டபத்திற்கு வெளியே நின்றவன்

பிறமொழி இலக்கியங்களிலும் இதே நிலைக்களன்களைக் காணலாம். பழைய ஆங்கிலக் காப்பியமாகிய பேவுல்ஃப் ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரே கையெழுத்துப் படியில் நமக்குக் கிடைத்துள்ளது. அதில் வரும் கிரென்டல், பன்னிரண்டு ஆண்டுகள் டேனிய மன்னனின் மண்டபத்திற்குள் இரவில் புகுந்து வீரர்களைத் தின்றவன். அவனுக்கு மன்னிப்பில்லை. ஆனால் அவனுடைய சினத்தின் தொடக்கத்தைப் புலவன் கூறும் முறை நோக்கத்தக்கது. மண்டபத்தினுள் யாழ் ஒலிக்கிறது. பாட்டும் மகிழ்ச்சியும் பெருகுகின்றன. வெளியே இருளில் நிற்கும் கிரென்டலுக்கு அவ்வொலி வேதனையாகிறது. அவன் கெயினின் வழியில் வந்தவன். கடவுளால் விலக்கப்பட்ட குலம். உள்ளே புக அவனுக்கு உரிமை இல்லை. நுகரப் பெறாத பற்றுள்ளம் என்று நம் உரைகாரர் வறுமைக்குக் கூறிய விளக்கம் அவனுக்கு எவ்வளவு பொருந்துகிறது! மகன் மடிந்த மறுநாள் இரவில் அவன் தாய் வருகிறாள். மண்டபத்தில் வெற்றிச் சின்னமாக வைத்திருந்த மகனின் கையை எடுத்துக்கொண்டு போகிறாள். அவளும் அரக்கியே. ஆனால் இழவு என்னும் நிலைக்களன் அரக்கிக்கும் உண்டு என்பதை அச்செயல் உணர்த்திவிடுகிறது.

இக்காப்பியத்தில் அரக்கர் வருவதை ஒரு குறையாகக் கருதிய ஆய்வாளருக்கு மறுப்பாக 1936இல் டோல்கீன் ஆற்றிய உரை பெயர்பெற்றது. அரக்கரே இக்காப்பியத்தின் உயிர்நிலை என்பது அவர் துணிபு. 1971இல் ஜான் கார்ட்னர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் கிரென்டல் தானே தன் கதையைச் சொல்வதாக ஒரு நாவலையே எழுதினார். மூலத்தில் கிரென்டலுக்குப் பேச்சில்லை. அதனை அளித்தவர் ஆயிரம் ஆண்டுக்குப் பின் வந்த ஒருவர்.

கிரேக்கத்தின் ஒதீசியில் வரும் ஒற்றைக்கண் பாலிபீமஸ், விருந்தினராய் வந்தவரைத் தின்ற கொடியவன். அவன் கண் குத்தப்பட்டபோது நாம் மகிழ்கிறோம். மறுநாட் காலையில், தன் மந்தையில் எப்போதும் முன்செல்லும் கிடாய் இன்று ஏன் பின்தங்கி வருகிறது, தன் தலைவனின் கண்ணுக்காக வருந்துகிறதோ என்று அதனைத் தடவியபடி அவன் கேட்கிறான். கிடாயின் வயிற்றுக்கடியில் பகைவன் தொங்கிக்கொண்டிருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஒடிசியஸ் தப்ப வேண்டுமே என்ற ஆவலும், இக்குருடன்பால் இரக்கமும் ஒரே நேரத்தில் நம்முள் எழுகின்றன. அந்த ஆடு ஒன்றே அவனுக்குப் பேச்சுத்துணை.

இந்நாட்டு மக்களுக்கு நன்கு தெரிந்த பொந்தியானாக் என்னும் மலாய்ப் பேயையும் இவ்விடத்தில் நினைத்தல் தகும். 1957இல் சிங்கப்பூரில் பி. என். ராவ் இயக்கத்தில் வெளிவந்த திரைப்படத்தால் அவள் புகழ் மேலும் பரவியது. வாழைத்தோப்பில் அவளுக்கு அஞ்சி ஓடுவோர் பலர்; அவள் யார் என்று கேட்போர் சிலர். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணே அவள் என்பது மக்கள் நம்பிக்கை. அச்சக் கதையின் அடியில் தாயும் சேயும் இழந்த இழவு மறைந்து கிடக்கிறது.

பெயரில்லாத படைப்பு

அரக்கனுக்குப் பேச்சளித்தலை நாவலின் நடுப்பொருளாகவே ஆக்கியவர் மேரி ஷெல்லி. 1815இல் நம் தீவுக்கூட்டத்தின் சும்பாவாத் தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் புகைத்திரை உலகின் வெயிலை மறைத்தமையால், 1816ஆம் ஆண்டின் கோடை ஐரோப்பாவில் கோடையாகவே இல்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு ஒதுங்கி வீட்டினுள் அடைபட்டிருந்த நண்பர்கள் பேய்க்கதை எழுதப் போட்டியிட்டபோது தோன்றியதே பிராங்கென்ஸ்டைன் என்னும் நாவல். 1818இல் ஆசிரியர் பெயரின்றி அது வெளிவந்தது. மேரியைப் பெற்ற சில நாட்களில் அவர் தாய் இறந்தார். மேரியின் முதற்குழந்தையோ 1815இல் பிறந்து சில நாட்களில் மறைந்தது. பெற்றோரற்ற உயிரொன்றின் கதையை அவர் எழுதியது வியப்பன்று.

பிராங்கென்ஸ்டைன் என்பது அரக்கனின் பெயர் என்றே பலர் எண்ணுகின்றனர். அது படைத்தவனின் பெயர். படைக்கப்பட்டவனுக்குப் பெயரே இல்லை. கண் திறந்த முதல் நொடியிலேயே அவன் உருவைக் கண்டு படைத்தவன் ஓடிவிடுகிறான். பின்பு அவன் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்து, சுவரின் பிளவு வழியே ஓர் ஏழைக் குடும்பத்தின் அன்பைப் பார்த்துப் பார்த்து மொழி கற்கிறான். இரவில் அவர்களுக்குத் தெரியாமல் விறகு கொணர்ந்து போடுகிறான். பார்வையற்ற முதியவர் தனித்திருக்கும் வேளையில் அவரிடம் சென்று பேசுகிறான். முதியவர் கனிவோடு செவிசாய்க்கிறார். கண்ணுள்ள மகன் வந்ததும் தடியால் அடிக்கிறான். இளிவும் வறுமையும் இதனினும் தெளிவாகக் காட்டப்பட்ட இடம் அரிது. முதியவர் கேட்டது சொல்லை. மகன் கண்டது உருவத்தை.

ஆயினும் ஆசிரியர் அவனைக் குற்றமற்றவனாக்கவில்லை. சிறுவன் வில்லியமை அவன் கொல்கிறான், அப்பழி ஜஸ்டின் என்னும் அப்பாவிப் பெண்மேல் விழுமாறு செய்கிறான், அவள் தூக்கிலிடப்படுகிறாள். மேலும் இருவரைக் கொல்கிறான். அவன் கூறும் துன்பக் கதை உண்மை. அவன் செய்த கொலையும் உண்மை. ஒன்று மற்றொன்றைத் துடைத்துவிடுவதில்லை. இந்நாவலை மேடையேற்றிய 1823ஆம் ஆண்டு நாடகமும், போரிஸ் கார்லாஃப் நடித்த 1931ஆம் ஆண்டுத் திரைப்படமும் அவன் பேச்சைப் பறித்துவிட்டன. திரையில் கார்லாஃபின் கண்களும் கைகளும் இரக்கத்தை வரவழைத்தன என்பது உண்மையே. எனினும் அது வாயில்லாப் பிராணியிடத்துக் கொள்ளும் இரக்கம். நாவலில் அவன் நம்மோடு வழக்காடுகிறான். நாம் விடை கூற இயலாமல் நிற்கிறோம். இவ்விரண்டு இரக்கங்களும் ஒன்றல்ல.

மொழி அறிதல்

மொழிக்கும் இரக்கத்திற்குமுள்ள இத்தொடர்பை மணிமேகலை ஆசிரியர் நெடுங்காலத்திற்கு முன்பே கண்டிருக்கிறார். ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் உடைந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். ஆடையற்ற அந்நாகர் மனித ஊன் உண்பவர். அவனையும் உணவாகவே கருதி எழுப்புகின்றனர். அவன் அவர்கள் மொழியில் பேசுகிறான். உணவு விருந்தாளியாகிவிடுகிறது. அவர்தம் குருமகனோடு உயிர், வினை, கொலை ஆகியன பற்றி உரையாடல் நிகழ்கிறது. குருமகன் வாதிடுகிறான், ஐயம் கேட்கிறான், தங்களால் இயன்ற அறத்தை மட்டும் கூறுமாறு வேண்டுகிறான். வாள் எடுத்த வீரன் ஒருவனும் இக்கதையில் இல்லை. அரக்கரின் மொழியைக் கற்றிருந்த வணிகன் ஒருவனே இருக்கிறான்.

இதற்கு மறுதலையாக நிற்பது ஷேக்ஸ்பியரின் புயல் நாடகம். தீவுக்கு உரியவனாகிய காலிபனுக்கு, வந்தேறிய பிராஸ்பரோ தன் மொழியைக் கற்பிக்கிறான். காலிபனின் மொழியை அவன் கற்கவில்லை. கற்ற மொழியால் காலிபன் சபிக்கிறான். அவன் மிராண்டாவிடம் தகாதது செய்ய முயன்றவன் என்பதை ஷேக்ஸ்பியர் மறைக்கவில்லை. ஆனால் அத்தீவின் இன்னொலிகளைப் பற்றி அந்நாடகத்தின் மிக இனிய பேச்சையும் அவனுக்கே கொடுத்துவிட்டார். அடிமைப்பட்ட மக்கள் அந்நாடகத்தைத் தம் கதையாகவே படித்தனர். மார்த்தினீக்கைச் சேர்ந்த எமே செசேர் 1969இல் அதனைக் காலிபனின் பக்கம் நின்று மீண்டும் எழுதினார்.

இரக்கமும் கட்சி மாறுதலும்

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்தல் வேண்டும். 1946இல் வெளிவந்த புலவர் குழந்தையின் இராவண காவியம் இராவணனைத் தலைவனாக்கிப் பாடியது. 1948இல் அது தடைசெய்யப்பட்டது. 1971இல் தடை நீங்கியது. அந்நூலின் நோக்கம் அரக்கனுக்கு இரங்குதல் அன்று. அவன் அரக்கனே அல்லன் என்று நிறுவுதல். அரக்கர் என்னும் பெயரைச் சூட்டியவர் யார், எதற்காகச் சூட்டினர் என்னும் அவ்வினா வலிமையுடையது, கேட்கப்பட வேண்டியது. ஆனால் அது வேறு வினா. ஒருவனைத் தலைவனாக்கிவிட்டால் அவனை வியக்கலாம், போற்றலாம். அச்சமும் அழுகையும் ஒருங்கே தோன்றும் அந்த அரிய நிலை அங்கு எழுவதில்லை. அச்சத்திற்கு அங்கே இடமில்லாது போகிறது.

இக்காலக் கதைகளிலும் திரைப்படங்களிலும் கொடியவனுக்கு ஒரு துன்பமான இளமைப் பருவத்தைச் சேர்த்து, அதனால் அவன் செய்தன எல்லாம் சரியே என்பதுபோல் முடிப்பது பெருகிவருகிறது. அஃது எளிய வழி. இறந்த சிறுவனையும், தூக்கிலேறிய ஜஸ்டினையும் அவ்வழி மறந்துவிடுகிறது. காரணம் கூறுதல் வேறு. நியாயம் கற்பித்தல் வேறு. கம்பனும் மேரி ஷெல்லியும் காரணத்தைக் கூறினர், நியாயத்தைக் கற்பிக்கவில்லை. அரக்கனுக்கு அழும் கண், அவனால் அழிந்தவருக்கும் அழ வேண்டும். அவ்வாறு அழாத இரக்கம் நம்மை நாமே மெச்சிக்கொள்ளும் ஒருவகை இன்பமாகிவிடும்.

நம் எழுத்துக்கு வேண்டுவது

இவ்வாராய்ச்சி நம் நாட்டுத் தமிழ் எழுத்துக்கு எவ்வகையில் பயன்படும் என்று கேட்கலாம். பெரிதும் பயன்படும் என்றே கருதுகிறேன். தோட்டப்புறத்தைப் பின்னணியாகக் கொண்ட நம் கதைகளில் பலவற்றில் அரக்கர் உண்டு. அவர்களுக்குக் கோரைப்பல் இல்லை. முறுக்கு மீசை உண்டு. கங்காணி என்றும், கிராணி என்றும், வட்டிக்காரன் என்றும், குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் கணவன் என்றும் அவர்கள் வருவர். கத்துவர், ஏமாற்றுவர், அடிப்பர், கதை முடிவில் தண்டனை பெறுவர். அவர்கள் செய்த கொடுமை கற்பனையன்று. பால்மரக் காட்டில் உழைத்துத் தேய்ந்த நம் முன்னோர் அதனைத் தம் முதுகில் தாங்கியவர்கள். அதனை எழுதியது நம் எழுத்தாளரின் கடமை. அக்கடமையைக் குறைத்துப் பேசுதல் எவருக்கும் தகாது.

ஆனால் அக்கங்காணிக்குப் பேச்சுண்டா? பெரும்பாலான கதைகளில் அவனுக்கு வசவுகள் மட்டுமே உண்டு. அவனும் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவன். தன் ஊராரையே கப்பலேற்றி அழைத்துவந்து, தலைக்கு இவ்வளவு என்று காசு பெற்றவன். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தபோது அம்முறை முடிவுக்கு வந்தது. துரைக்குமுன் கைகட்டி நின்று, லயத்திற்குத் திரும்பியதும் பிறரைக் கைகட்ட வைத்தான். காலையில் அவன் பட்ட இளிவு மாலையில் பிறர்மேல் அடியாக விழுந்திருக்கலாம். தான் அழைத்துவந்தவரின் பிணத்தை எடுத்துப் புதைத்த இரவில் அவன் தன் ஊருக்கு என்ன கடிதம் எழுதியிருப்பான்? இவ்வினாவை எழுப்பும் கதை அவனை மன்னித்துவிட வேண்டியதில்லை. அவனால் அடிபட்டவரின் வலியையும் மறைக்க வேண்டியதில்லை. எவ்வாறு ஒரு மனிதன் அப்படியாகிறான் என்பதை மட்டும் காட்டினால் போதும். அதனை அறியாதவரை, அவனைப் போன்றவர் வேறு பெயரில், வேறு உடையில் நம்மிடையே மீண்டும் தோன்றும்போது நாம் அடையாளம் காணமாட்டோம். நம்முள்ளேயே அவன் தலையெடுக்கும்போதோ, அறவே காணமாட்டோம்.

அரக்கரை அழிக்கும் வீரரைப் பாடுவதற்குப் புலவர் பலர் உண்டு. அழியும் அரக்கன் கடைசியாக என்ன கேட்டான் என்று காதுகொடுத்தவர் சிலரே. கும்பகருணனின் தலை கடலில் ஆழ்ந்துவிட்டது; அவன் விரும்பியவாறே அம்முகத்தை எவரும் காணவில்லை. ஆனால் தலை வீழுமுன் அவன் கேட்ட வரத்தைக் கம்பன் கேட்டு எழுதி வைத்தான். நம் கதைகளில் வரும் கொடியவரும் ஏதோ கேட்டிருப்பர். அதனைக் கேட்டு எழுதும் செவி நம் எழுத்தாளருக்கு வாய்க்க வேண்டும்.